பல்லுக்காரர் செய்த கழுதை

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் குடியிருப்பில் பல்லுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பல் டாக்டர் இல்லை. டாக்டர் பிடுங்குகிறவர், இவர் பிடுங்கிய இடத்தை நிரப்புகிறவர். பல் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, மேலேயிருந்து இறங்கி வரும் பிளாஸ்டர் அச்சுகளுக்கு மெழுகில் ஈறு கட்டி, அதில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, பல் செட் செய்வது அவர் வேலை. இந்த ஊரில் பாதிப் பேரின் சிரிப்பு அவர் கையால் ஆனது. அவர் சிரித்து மட்டும் நான் வெகு காலம் பார்த்ததில்லை.

அவருடைய சொந்த முன்பல் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவருக்கு வாய்த்தது அப்படி. அதனால்தான் வாயைத் திறப்பதில்லை என்பது என் கட்சி. இல்லை, பேச்சில் ஆசையில்லாத மனிதர் என்பது அக்காவின் கட்சி. கல்யாணமான புதிதில், இந்த வாயில்லா ஜீவனை எங்கே பிடித்தாய் என்று அவர் காதுபடவே அக்காவிடம் கேட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. சில நாள் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தபோது என் தட்டுக்குப் பக்கத்தில் விரலளவு கிளி ஒன்று நின்றது. மெழுகுக் கிளி. உடம்பைவிட வாய் பெரிது. அது யார் என்று நான் கேட்கவில்லை.

நான் அவர்களுக்கு நேர் கீழ் வீட்டில் இருக்கிறேன். பேருக்குத்தான் கீழ் வீடு; சாப்பாடு, டிவி, சண்டை எல்லாம் மேல் வீட்டில். வண்டி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தொலைபேசி எடுக்கிற வேலை எனக்கு. எங்கேயோ மோதிவிட்டு வந்தவர்களெல்லாம் நாள் முழுக்க என்னைத் திட்டுவார்கள். வாங்கின திட்டை எங்காவது இறக்கி வைக்க வேண்டாமா? அத்தான் அதற்கு ரொம்பத் தோதான ஆள். எவ்வளவு இறக்கினாலும் தாங்குவார்.

கிளியில் ஆரம்பித்தது படத்தில் வந்து நின்றது. வேலையில் மிஞ்சும் இளஞ்சிவப்பு மெழுகைக் கொண்டுவந்து, உள்ளே மெல்லிய கம்பி வைத்து மிருகங்கள் செய்வார். எங்கள் வீட்டு யானை, ஆடு, மாடு எல்லாமே ஈறு நிறம். யாருடைய வாய்க்கும் பொருந்தாமல் ஒதுக்கிய பற்களை அவற்றுக்குக் கட்டிவிடுவார். மனிதப் பல் வைத்த ஆடு உங்களைப் பார்த்தால் உங்களுக்கு என்னவோ செய்யும். அதை மேஜை மேல் நிறுத்தி, மயிரிழை நகர்த்தி ஒரு படம், இன்னும் மயிரிழை நகர்த்தி இன்னொரு படம் என்று எடுத்துக்கொண்டே போனால், எல்லாவற்றையும் வேகமாக ஓட்டும்போது ஆடு தானே நடக்கும். அத்தான் கையெல்லாம் மெழுகாக இருக்கும் என்பதால், கேமராவிலிருந்து வரும் நீளமான ஒயரின் நுனியில் இருக்கிற பொத்தானை அமுக்குவது அக்காவின் வேலை. சாயந்திரம் முழுக்க உட்கார்ந்தால் ஆடு ஒரு தடவை திரும்பிப் பார்க்கும். அதற்குள் நான் ஓர் ஆஸ்பத்திரித் துணி மொத்தத்தையும் வெளுத்துவிடுவேன் என்பாள் அக்கா. சும்மா சொல்வதில்லை, ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுக்கிற பெரிய சலவை நிலையத்தில் அவள் மேற்பார்வையாளர்.

அந்த மேஜை சாப்பிடுவதற்காக வாங்கியது. இப்போது மிருகங்களுக்கு அது. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். வீட்டில் ஒரே சட்டம், மேஜையைத் தொடக்கூடாது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் யாராவது இடித்துவிட்டால் அத்தனையும் பாழ். நான் தும்ம வேண்டுமென்றால்கூட எழுந்து வெளியே போய்த் தும்மிவிட்டு வர வேண்டும்.

முதல் படத்தில் ஆடு கண் பரிசோதனைக்குப் போகிறது. சுவரில் எழுத்து அட்டை தொங்குகிறது. முதல் வரியைப் படிக்கச் சொல்கிறார்கள். ஆடு பார்க்கிறது. இமை கொட்டுகிறது. இன்னொரு தடவை கொட்டுகிறது. பிறகு நிதானமாகப் போய் முதல் வரியைத் தின்கிறது. சரி, இரண்டாவது வரியைப் படி என்கிறார்கள். அவ்வளவுதான் படம்.

இப்படி எழுதிப் பார்த்தால் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் குடியிருப்போர் கூட்டத்தில், வண்டி நிறுத்தும் இடத்தில் படுக்கை விரிப்பைக் கட்டிப் போட்டுக் காட்டியபோது ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர்த் தொட்டி பற்றிப் பேசக் கூப்பிட்டால் யாரும் வருவதில்லை. படம் உண்டு என்றால் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் கண்டுபிடித்தது அன்றைக்குத்தான். அத்தான் இதைப் பற்றி ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து விளக்கம் சொல்லியிருக்கிறார். சிரிப்பு அசைவில் இல்லையாம், அசையாமல் நிற்கிற இடத்தில் இருக்கிறதாம். ஆடு தின்பதற்கு யாரும் சிரிப்பதில்லை. தின்னலாமா என்று யோசிக்கிறதே, அதற்குத்தான் சிரிக்கிறார்கள். யோசிக்கிற ஆடு நமக்குத் தெரிந்த யாரோ ஒருவர் ஆகிவிடுகிறது.

யாரோ ஒருவர்தான், நாம் இல்லை. அதுதான் இந்தப் படங்களின் ருசி என்று நான் சொல்வேன். ஆடு யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைக் கை காட்டினார்கள். அடுத்த படத்தில் ஒரு மாடு நடுத்தெருவில் உட்கார்ந்துகொள்ளும். வண்டிகள் வரிசையாக நின்றுவிடும். எல்லாரும் தன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மாடு தொண்டையைச் செருமிக்கொண்டு பேச எழுந்திருக்கும். கூட்டம் மொத்தமும் செயலாளரை ஓரக்கண்ணால் பார்த்தது. அதிகமாகச் சிரித்தவர் செயலாளர்தான். படம் முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து பாராட்டிப் பேசினார்.

ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் மனுஷனையே கடித்த கதை அதற்கப்புறம் நடந்தது. கடித்தது கோழிப் படத்தில்.

கோழி வீட்டைப் பூட்டுகிறது. பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறது. படி இறங்குகிறது. பாதியில் நிற்கிறது. இமை கொட்டுகிறது, கொட்டுகிறது. மறுபடி ஏறிப் போய் மூன்று தடவை இழுக்கிறது. மறுபடி இறங்குகிறது. கடைசியில், ஆகிறது ஆகட்டும் என்று கதவையே கழற்றி, பூட்டோடு முதுகில் சுமந்துகொண்டு வேலைக்குப் போகிறது. அக்காவும் என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பொத்தானை அமுக்கியதே அவள்தான். ஒரு சாயந்திரத்துக்கு ஓர் இமை கொட்டல் என்று எடுத்த படத்தில், பொத்தானை அமுக்கியவளுக்குக் கோழி போகிற போக்கு தெரியவில்லை. ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதுவும், முன்வரிசைக்காரர்கள் திரையை விட்டுவிட்டுத் திரும்பி இவளைப் பார்த்துச் சிரித்தபோதுதான் தெரிந்தது.

அக்கா தினமும் விடியற்காலையில், அத்தான் முதல் பஸ் பிடிக்கப் போன பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்து, இறங்கிப் போய், திரும்பி ஏறி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பவள். குடியிருப்புக்கே அது தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. அம்மா போன பிறகு, அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போன காலத்தில், என்னை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. அப்போது எனக்கு நாலு வயசு. அவள் இழுத்து இழுத்துப் பார்த்த பூட்டுக்கு உள்ளே இருந்தது நான். இன்றைக்கும் யாராவது அந்தப் பழக்கத்தைக் கேலி செய்தால் எனக்குச் சுர்ரென்று ஏறும்.

அத்தானுக்கு இது தெரியாது. கூட்டத்திலிருந்து மேலே வந்ததும் நான் சொன்னேன். காது கிழியும்படிதான் சொன்னேன், கீழ் மாடி வரைக்கும் கேட்டிருக்கும். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். அக்கா போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் முதல் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

பேசுகிறவள் பேச்சை நிறுத்தி, பேசாதவர் பேசாமலே இருந்தால் அந்த வீடு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த வாரமே சலவை நிலையத்தில் கேட்டார்கள். வேறோர் ஊரில் கிளை திறக்கிறார்கள், மூன்று வருஷத்துக்கு அதை நடத்திக் கொடுக்க யார் போகிறீர்கள் என்று. முன்பு ஒரு தடவை கேட்டபோது சிரித்துவிட்டு வந்தவள், இந்தத் தடவை நான் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். தான் மட்டும் போவதாகத்தான் சொன்னாள். அதையும் அத்தானிடம் சொல்லவில்லை. அவர் காதில் விழுகிற தூரத்தில் என்னிடம் சொன்னாள். இந்த இரண்டு பேரையும் விட்டால் எனக்கு யாரும் இல்லை.

மேஜை மேல் அடுத்த படம் பாதியில் நின்றது. பழைய கோழியும் புதுசாக ஒரு கழுதையும் எதிரெதிரே நின்றன. கழுதை யார் என்பதில் சந்தேகமே வேண்டாம். முன்பல் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று. தன்னையும் கேலி செய்துகொள்ளத்தான் அவர் அதை ஆரம்பித்திருக்கிறார், ஆனால் முந்திக்கொண்டது கோழிப் படம். பொத்தானை அமுக்க ஆளில்லாமல் ஒயர் தரையில் கிடந்தது.

ஒரு நாள் எனக்கு விடுமுறை. அக்கா விடியற்காலையில் போனவள், வேலை முடிந்து மத்தியானம் தாண்டித்தான் வருவாள். அத்தான் இருட்டிய பிறகு. சாப்பாட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று என் சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே போனேன். அறை முழுக்க வெயில். படம் எடுக்கிற இடத்தில் சூரிய வெளிச்சம் ஆகாது என்று அந்த ஜன்னலின் திரையை எப்போதும் மூடியே வைத்திருப்பார்கள். கிளம்பும்போது அது மூடியிருக்கிறதா என்று பார்க்கிறவளும் அக்காதான். கோபத்தில் இப்போது அதைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஜன்னல் விளிம்பில் வைத்திருந்த மெழுகுப் பன்றி பாய் மாதிரி படுத்துவிட்டது. மேஜைக்கு வெயில் ஓரளவுதான் எட்டியிருந்தது. பல் செட்டின் பாரம் தாங்காமல் கழுதையின் கழுத்து மட்டும் வளைந்து, தலை மார்பு வரைக்கும் தொங்கிப்போயிருந்தது. கோழிக்கு முன்னால் குற்றவாளி மாதிரி நின்றது.

திரையை மூடினேன். கழுதையின் தலையைத் தூக்கிவிடலாமா என்று கை போனது. மேஜைச் சட்டம் நினைவுக்கு வந்து கையை இழுத்துக்கொண்டேன். சோற்றைப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன்.

அக்கா வந்தாள். பையை வைத்தாள். மேஜையைப் பார்த்தாள். வேறு பக்கம் போனவள் திரும்பி வந்து மறுபடி பார்த்தாள். நான் வாயில் சோற்றோடு மெல்லாமல் உட்கார்ந்திருந்தேன். கோழி முன்பு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் தலையை இரண்டு விரலால் பிடித்து, கழுதை பக்கம் கொஞ்சமே கொஞ்சம் திருப்பினாள். தரையில் கிடந்த ஒயரை எடுத்துப் பொத்தானை அமுக்கினாள். போய் முகம் கழுவிக்கொண்டாள்.

அத்தான் இருட்டிய பிறகு வந்தார். வந்ததும் மேஜைக்குத்தான் போனார். கழுதையின் கழுத்தைக் குனிந்து பார்த்தார், கோழியைப் பார்த்தார், கேமராவில் அக்கா எடுத்த படத்தைப் பார்த்தார். பிறகு கை கழுவிவிட்டு வந்து கழுதையின் ஒரு காதை மடக்கி வைத்து, பொத்தானை அவரே அமுக்கினார். மெழுகு ஒட்டியிருந்த பொத்தானைத் துணியால் துடைத்து, அக்கா உட்கார்கிற நாற்காலியில் வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

எனக்குச் சமாசாரம் புரிந்துவிட்டது. அவர் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டதாக அக்கா நினைத்துவிட்டாள். கழுதையைக் குனிய வைத்ததும் அக்காதான், தன்னைக் குத்திக்காட்டுகிறாள் என்று அத்தான் நினைத்துவிட்டார். குனிய வைத்தது வெயில் என்று தெரிந்த ஒரே ஆள் நான். சொன்னால் எல்லாம் கவிழ்ந்துவிடும். என் வாயைப் பற்றி உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அதை மூடி வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்றிலிருந்து தினமும் ஆபீஸ் விட்டதும் செய்தி கேட்கப் போகிறவள் மாதிரி மேல் வீட்டுக்கு ஓடினேன். மத்தியானம் மேஜை அக்காவுடையது, சாயந்திரம் அத்தானுடையது. ஒருவர் இருக்கும்போது மற்றவர் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. ஒரு நாள் கோழி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அத்தான் இரண்டு சாயந்திரம் உட்கார்ந்து, கழுதையை ஒவ்வோர் அடியாகச் சுற்றி நடத்திக் கோழியின் முகத்துக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினார். மறுநாள் அக்கா கோழியை ஒரே திருப்பாகத் திருப்பி மறுபடி முதுகைக் காட்ட வைத்தாள். இன்னொரு நாள் போய்ப் பார்த்தால் கழுதையின் பின்பக்கம் முழுக்கக் கொத்தின தழும்பு. கொண்டை ஊசியால் குத்தியிருக்கிறாள். அத்தான் அதற்குச் சின்னதாக ஒரு கட்டுப் போட்டுவிட்டார். அடுத்த நாள் கோழி அந்தக் கட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அப்புறம் ஒரு சாயந்திரம் அத்தான் மெழுகில் ஒரு பூட்டுச் செய்தார். சுண்டு விரல் நகம் அளவு. அதைக் கழுதையின் கழுத்தில் மாட்டிவிட்டார். பக்கத்தில் நின்று பார்த்த நான் என் வாயைப் பொத்திக்கொண்டேன். பூட்டை வைத்துத்தானே இவ்வளவும் வந்தது? மறுநாள் ஆபீசில் யார் திட்டியும் என் காதில் ஏறவில்லை. ஓடிவந்து பார்த்தேன். கோழி கழுதைக்குப் பக்கத்தில் நின்றது. அதன் அலகு பூட்டைக் கவ்வியிருந்தது.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் கணினியை மேஜை ஓரத்தில் வைத்து, அக்கா பக்கமாகத் திருப்பி, படத்தை ஓட விட்டார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை, கண் மட்டும் திரையில். தினம் ஒன்றாகப் பார்த்த எனக்கே அது புதுசாக இருந்தது. கழுதை திமிராக நிற்கிறது. திடீரென்று அதன் தலை தொப்பென்று விழுகிறது. கோழி மெல்லத் திரும்பிப் பார்க்கிறது. முதுகு காட்டல், சுற்றி நடத்தல், கொத்து, கட்டு எல்லாம் நொடியில் ஓடிப் போகின்றன. கழுதை பூட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறது. கோழி பூட்டை இழுத்துப் பார்க்கிறது, ஒன்று, இரண்டு, மூன்று. போகிறது. நிற்கிறது. இமை கொட்டுகிறது, கொட்டுகிறது. திரும்பி வந்து மறுபடி இழுக்கிறது. அந்த இமை கொட்டலை எடுத்தது அக்கா. அத்தான் அதற்குச் சத்தமாகச் சிரித்துவிட்டார். அக்கா அவரைப் பார்த்து, மடித்த துணியை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பாடா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

துணியை எடுத்ததும் அக்கா அவரிடம் நேராகப் பேசினாள். கோபத்தில்தான் அந்த ஊருக்குப் போகிறேன் என்று சொன்னாளாம். சொன்ன பிறகு நிஜமாகவே போக ஆசை வந்துவிட்டதாம், ஒரு நிலையம் முழுவதையும் தன் கையில் கொடுக்கிறார்களே என்று. அத்தான் கொஞ்ச நேரம் கணினியை மூடுவதில் மும்முரமாக இருந்தார்.

"பல்லு எல்லா ஊர்லயும்தான் விழுது. நானும் வரேன்" என்றார்.

அக்கா தலையாட்டினாள். அவ்வளவுதான் பேச்சு. அவர் மேஜையை அளக்க நாடா தேடப் போய்விட்டார், வண்டியில் ஏற்றுவதற்கு.

என்னை யாரும் கேட்கவில்லை. சேர்ந்துவிட வேண்டுமே என்று நான் தவித்த தவிப்பு என்ன, சேர்ந்ததும் இரண்டு பேரும் என்னை அம்போவென்று விட்டுவிட்டுக் கிளம்புகிற கிளம்பல் என்ன. இத்தனை நாள் அடக்கி வைத்த வாய் அதற்கு மேல் நிற்கவில்லை. அக்கா பின்னாலேயே சமையலறைக்குப் போனேன். அவர் ஒன்றும் தலை குனியவில்லை, வெயிலில் மெழுகு இளகித் தானாகத் தொங்கிய தலை அது, அதை நம்பி நீ மூட்டை கட்டுகிறாய் என்று கொட்டிவிட்டேன். சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்டி. ஜன்னல்ல பன்னி பாய் மாதிரி படுத்துக் கிடந்துச்சே, எனக்குக் கண்ணு இல்லையா?"

அப்படியானால் கோழியை ஏன் திருப்பினாய் என்று கேட்டேன்.

"அவர் வந்து என்ன பண்றார்னு பாக்கத்தான். மெழுகு அவரோட தொழில். வெயில்ல தொங்குன கழுத்த பாத்த ஒடனே அவருக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு பல்லு துளி சாஞ்சிருந்தாலும் மொத்த செட்டையும் பிரிச்சு மறுபடி கட்டுற மனுஷன்." அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "அவருக்கு அந்தத் தலைய நிமிர்த்த எவ்வளவு நேரம் ஆகும்? காதை மடக்கி வச்சாரு. தலைய அப்படியே விட்டுட்டாருடி."